கையில் கொண்டுபோகலாம்

ஒடென்சே
டென்மார்க்
2 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி சுஜீதாவுக்கு,

நீயும் உன் கணவர் ஆரணனும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று நல்லூரான் முருகனை நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதைப் பற்றி நீ கேட்கத் தேவையில்லை.

போனில் எடுத்தால் நடுவில் அழுகை வந்துவிடுகிறது. மகள் சாரங்கி பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருப்பாள், அவளுக்குக் கேட்கும். இங்கே விசாரித்த ஒரு லோயரும் இந்த விஷயத்தைக் கைத்தொலைபேசியில் எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆகவேதான் கடிதம். நீ சித்தப்பாவின் மகள் என்றாலும் எனக்குக் கூடப்பிறந்தவள்தான். விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிக்கிற இடத்தில் பத்து வருடமாக நிற்கிறாய். உன்னிடம் கேட்காமல் இதை வேறு யாரிடம் கேட்பது?

அன்று அரைகுறையாகச் சொன்னதை முழுதாக எழுதுகிறேன். உன் அத்தான் இறந்துபோன தன் தமையனின் அந்தியேட்டிக் கிரியைக்கு யாழ்ப்பாணம் போக பெப்ரவரி பதினோராம் திகதி வெளிக்கிட்டார். எனக்கு முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்கவில்லை. விமானத்தின் மேலிருந்த பனியை அகற்றி ஓடுபாதைக்கு விட மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டது. வளைகுடாவில் மாறவேண்டிய விமானம் போய்விட்டது. அடுத்தது மறுநாள்தான் என்று சொல்லி, கொம்பனிக்காரர் எல்லோருக்கும் ஹோட்டல் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஹோட்டலுக்குப் போகச் சுங்கத்தைத் தாண்டும்போதுதான் இவரைச் சோதித்திருக்கிறார்கள். இவரிடம் அந்த வேப் என்கிற மின்சிகரெட் இருந்தது.

இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் பெட்டி தூக்கி இவருடைய முதுகு போனது உனக்குத் தெரியும். டொக்டர் தந்த குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கின. சாரங்கிதான் கடையில் அந்த வேப்பை வாங்கிக் கொடுத்தாள். கஞ்சாச் செடியின் இனம், ஆனால் வெறி தராத வகை, ஹெம்ப் என்று பெயர். இரண்டு இழுப்பு இழுத்தால் சப்பாத்துக்குக் குனிந்து நூல் கட்டுவார். இங்கே கண்ணாடி அலுமாரியில் வைத்து விற்கிற சாமான். அங்கே அதில் ஒரு துளி இருந்தாலும் போதைப்பொருள். விமானத்துக்குப் போட்ட உடுப்போடு இவரைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. இன்றைக்குப் பத்தொன்பது நாள்.

எனக்கு விளங்காதது ஒன்று. அங்கே பிடித்த சாமானை இங்கே ஏன் ஒருவரும் பிடிக்கவில்லை? இங்கே எடுத்துக் குப்பையில் போட்டிருந்தால் இவர் முதுகு நோவோடு போய் வந்திருப்பார். உங்கள் விதி என்ன? அன்று காலை நீ வேலையில் நின்றாயா? நின்றிருந்தால் இவரைக் கண்டாயா?

உன் கடிதத்தை எதிர்பார்க்கும்,
அக்கா கமலாதேவி


டோஸ்ட்ருப்
10 மார்ச் 2025

என் அன்பான அக்காவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இரத்த அழுத்தக் குளிசையை விடாமல் எடுக்கிறீர்களா என்று முதலில் கேட்கிறேன். நாங்கள் இருவரும் சுகம்.

கேட்டவற்றை எழுதுகிறேன். வேப்புக்குள் லிதியம் பற்றரி இருக்கிறது. அது சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் கீழே சரக்கோடு போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. பயணி தன்னோடு கையில்தான் வைத்திருக்கவேண்டும். விமானத்துக்குள் புகைக்கவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. உள்ளே உள்ள எண்ணெய் திரவக் கணக்கில் சேரும், உள்ளே தெரிகிற சிறிய பிளாஸ்டிக் பைக்குள் போடவேண்டும். எங்களுக்குத் தந்த வேலை ஆயுதமும் வெடிபொருளும் தீப்பிடிக்கிற சாமானும் பார்ப்பது. வேப்புக்குள் இருப்பது நிக்கொட்டினா ஹெம்பா என்று இயந்திரம் காட்டாது.

எங்கள் மேசையைத் தாண்டினால் எங்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது. பிறகு இறங்கும் நாட்டின் சட்டம். விமானம் மாறுவதற்காக இறங்கும் இடமும் ஒரு நாடுதான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. டொக்டர் எழுதித் தந்த மருந்துக்குக்கூட, மருந்துக்கடையில் கொடுக்கும் பில்லேபாஸ் என்ற அத்தாட்சி ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் மட்டும்தான் செல்லும். கடையில் வாங்கிய சாமானுக்கு அதுவும் இல்லை. வெறி தருகிற வகை, தராத வகை என்ற பிரிவே சில நாடுகளில் கிடையாது.

அத்தான் கதைக்கும்போது பயணத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா? என்னைக் கேட்டாரா?

சாரங்கியைத் தனியே விடாதீர்கள், அக்கா.

உங்கள் சுகம் நாடும்,
சுஜீதா


ஒடென்சே
6 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே வெயில் வந்துவிட்டது. மற்றவர்கள் வாசலில் கதிரை போட்டு இருக்கிறார்கள். எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. அவருடைய மேல்கோட்டு கொழுவியில் தொங்குவது அதில் நன்றாகத் தெரிகிறது.

இவர் இரண்டு தரம் கதைத்துவிட்டார். ஒரு தரத்துக்கு ஐந்து நிமிடம். ஓர் அறைக்குள் பதினான்கு பேர், படுக்க மெல்லிய மெத்தை. முதுகைக் கேட்டால் பரவாயில்லை என்கிறார். வேப் எப்படிப் போனது என்று கேட்டேன். "ஜாக்கெற்றுக்குள்ள மறந்துபோய்க் கிடந்தது கமலா. ஒருத்தரும் காணேல்லை" என்றார். உன்னைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நிக்கலஸ் என்று ஒரு லோயரைப் பிடித்திருக்கிறோம். தூத்துக்குடிக்காரர், அங்கே இருபது வருடமாக இருக்கிறார். டென்மார்க் வெளிநாட்டு அமைச்சில் ஒரு பெண் கிழமைக்கு ஒருதரம் கதைக்கிறாள். நல்ல பிள்ளை. இன்னொரு நாட்டின் வழக்கில் தாங்கள் தலையிட முடியாது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்கிறாள்.

உனக்குத்தான் இதை எழுதலாம். காலையில் ஐந்தேகாலுக்கு, இவர் வேலைக்குப் போகும் நேரத்தில், சைக்கிள் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்கிறது. எழும்பி யன்னலால் பார்க்கிறேன், சைக்கிள் பூட்டியபடியே நிற்கிறது. குளியலறையில் தொண்டையைச் செருமுகிறார். உடுப்பு அலுமாரியைத் திறந்தால் அந்த வேப்பின் மணம், காய்ந்த புல்லில் கொஞ்சம் இனிப்புக் கலந்த மாதிரி. செத்த வீட்டில்கூட இப்படி இருக்காது தங்கச்சி. இது உயிரோடு இருக்கிற ஆள் வந்து நிற்கிற மாதிரி.

சாரங்கி என்னோடு கதைப்பதே இல்லை. நான் தமிழில் கேட்டால் டெனிஷில் இரண்டு சொல். நேற்று மட்டும், "என்ர பிழை அம்மா" என்று தமிழில் சொன்னாள்.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். அன்று நீ வேலையா? ஜாக்கெற்றையும் கழற்றித் தட்டில் வைத்துத்தானே அனுப்புவீர்கள்? அதற்குள் கிடந்தது எப்படித் தெரியாமல் போகும்?

அன்புடன்,
அக்கா


டோஸ்ட்ருப்
11 மே 2025

அன்பான அக்காவுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவேண்டும். காய்ச்சலும் இருமலும். பிறகு வேலையில் ஆட்கள் காணாது. இப்போது சுகம். நீங்கள் எப்படி? சாரங்கி எப்படி?

பதினோராம் திகதி எனக்கு வேலைதான் அக்கா. ஆனால் அங்கே ஒன்பது வரிசை இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறுவோம். யார் எந்த வரிசையில் வந்தார் என்று ஒருவராலும் சொல்லமுடியாது. விதிகள் அச்சிட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். லோயருக்கு அனுப்புங்கள், உதவலாம்.

உங்களுக்கு வீட்டில் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வேலையில் படம் தெரிகிறது. எங்கள் திரையில் உலோகம் நீலமாகவும் திரவம் செம்மஞ்சளாகவும் வரும். ஒரு சிறிய நீலக் குழாயும் அதன் நுனியில் கொஞ்சம் செம்மஞ்சளும் வந்தால் எனக்குக் கை நின்றுவிடுகிறது. ஒரு நாளைக்கு நூறு வேப் வரும் அக்கா. போன கிழமை ஒரு டெனிஷ் மனிசன் தன்னுடையதைக் காட்டி, கொண்டுபோகலாமா என்று கேட்டார். நான் தட்டுகளை அடுக்கத் திரும்பிவிட்டேன். பக்கத்தில் நின்றவள் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு கேட்டு வாங்கி, ஊழியர்கள் உள்ளே வருகிற வாசலுக்கு மாறியிருக்கிறேன். அங்கே பயணிகள் இல்லை.

களைப்பாக இருக்கும், வேறு ஒன்றுமில்லை என்று ஆரணன் சொல்கிறார்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சுஜீதா


ஒடென்சே
1 யூன் 2025

சுஜீதாவுக்கு,

காய்ச்சல் மாறியது கேட்டுச் சந்தோசம். நாங்கள் இருக்கிறோம்.

நீ அனுப்பிய தாளை லோயருக்கு அனுப்பினேன். அவர் எடுத்துக் கதைத்ததை அப்படியே எழுதுகிறேன். "மேடம், பொதுவான ரூல்ஸ் கோர்ட்டுக்குப் பத்தாது. அவர் அதை ஒளிச்சு எடுத்துட்டு வரலை, தப்புன்னே தெரியாதுன்னு நாம காட்டணும். கிளம்பின ஏர்போர்ட்ல அவர் அதை வெளிப்படையா காட்டினார், அங்க வேலை பார்க்கிற ஒருத்தர் கொண்டு போகலாம்னு சொன்னார்னு ஒரு ஸ்டேட்மென்ட் இருந்தா, கேஸே வேற மாதிரி போகும்."

பொலிஸ் எழுதிய பத்திரத்தையும் அவர் வாசித்துக் காட்டினார். வேப் ஜாக்கெற்றில் இருக்கவில்லை. கைப்பையில், இவருடைய குளிசைகளுக்குப் பக்கத்தில், வாய் அழுத்தி மூடுகிற உள்ளே தெரிகிற ஒரு சிறிய பையில் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படிப் பை இல்லை. விமான நிலையத்தில் கொடுக்கிற பை என்று லோயர் சொல்கிறார். ஆகவே யாரோ ஒருவர் அதைக் கண்டு, அந்தப் பையைக் கொடுத்திருக்கவேண்டும் என்கிறார்.

லோயர் இதை உன் அத்தானிடம் நேரில் போய்க் கேட்டிருக்கிறார். பையைத் தானே எடுத்ததாகவும், ஒருவரோடும் கதைக்கவில்லை என்றும் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டாராம்.

நீ அங்கே வேலை செய்பவள். அன்று அப்படி யாராவது இவரோடு கதைத்தார்களா என்று யோசித்துப் பார். யாரையும் கேட்கவேண்டும் என்றால் கேட்டுப் பார். முதல் விசாரணை ஓகஸ்டில்.

கமலாதேவி


டோஸ்ட்ருப்
6 யூலை 2025

அன்பான அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன். இங்கே ஒரு குறையுமில்லை.

விசாரித்துப் பார்த்தேன். கமராப் பதிவுகள் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு அழிந்துவிடும். அன்று நாற்பதாயிரம் பேர் போயிருப்பார்கள். யார் யாரோடு கதைத்தார் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. அந்தப் பைகள் நுழைவாயிலில் பெட்டியில் கிடக்கும், யாரும் எடுக்கலாம். அத்தான் சொன்னது சரியாக இருக்கும்.

கோடை விடுமுறைக் காலம், ஓயாமல் வேலை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சுஜீதா


ஒடென்சே
17 ஓகஸ்ட் 2025

சுஜீதாவுக்கு,

பன்னிரண்டாம் திகதி தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடம் மறியல், முடிந்ததும் நாடுகடத்தல். வேப்பைக் கொண்டுவந்தது உண்மை, தெரியாமல் கொண்டுவந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் தீர்ப்பு. மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. புதிதாக எதுவும் இல்லாமல் மேன்முறையீட்டுக்குப் போனால் இதே முடிவுதான் என்று லோயர் சொல்கிறார்.

போன மாதம் இவர் குளிக்கிற இடத்தில் விழுந்திருக்கிறார். இடது காலில் உணர்ச்சி குறைவு. இதை என்னிடம் சொன்னது இவர் அல்ல, அதே அறையில் இருந்து விடுதலையாகிப் போன ஒரு மன்னார்ப் பொடியன்.

தீர்ப்பு நாளில் சாரங்கி படிப்பை நிறுத்தப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். தகப்பனை உள்ளே வைத்துவிட்டுத் தன்னால் வகுப்பில் இருக்க முடியாதாம். "நான்தானே வாங்கினது. போய்ச் சொல்லுறன், என்னைப் பிடிக்கட்டும்" என்கிறாள். அவளுடைய கடவுச்சீட்டை எடுத்து என் வேலையிடத்து அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

யூலையில் நீ எழுதிய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வேறு ஒன்றும் கேட்பதற்கில்லை.

கமலாதேவி


டோஸ்ட்ருப்
24 ஓகஸ்ட் 2025

அக்கா,

சுகம் கேட்டுத் தொடங்க எனக்கு இன்று முகம் இல்லை. நேரே எழுதுகிறேன். நான்தான் நின்றேன்.

பதினோராம் திகதி காலை எட்டு மணிக்கு நான் நான்காவது வரிசையில், பைகளைத் திறந்து பார்க்கிற மேசையில் நின்றேன். திரையில் தண்ணீர்ப் போத்தல் ஒன்று தெரிந்ததால் ஒரு பை என் பக்கம் தள்ளப்பட்டு வந்தது. நிமிர்ந்தால் அத்தான். என்னைக் கண்ட சந்தோசத்தில் "அட, நீயே நிக்கிறாய் பிள்ளை" என்றார். சொந்தக்காரர் வந்தால் விலகி, மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் இடத்து விதி. நான் விலகவில்லை. முதல் காரணம் எனக்கும் சந்தோசம். இரண்டாவது காரணம், வரிசை வாசல் வரை நீண்டிருந்தது, மேலாளர் என் பின்னால் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போத்தலை எடுத்தேன். அதற்குக் கீழே குளிசைகள். பக்கத்தில் வேப். அதன் மேல் பச்சை இலைப் படம். அவரே அதைக் கையில் எடுத்து எனக்கு நீட்டினார். "இது சாரங்கி வாங்கித் தந்தது, முதுகு நோவுக்கு. இதைக் கொண்டுபோகலாமோ?" என்று கேட்டார்.

"ஓம் அத்தான், கையில கொண்டுபோகலாம். பெட்டிக்குள்ளதான் வைக்கக் கூடாது" என்றேன். திரவம் என்பதால் உள்ளே தெரிகிற ஒரு பை எடுத்து, அதற்குள் போட்டு, நானே மூடிக் கொடுத்தேன்.

ஒரு சொல்கூடப் பிழை இல்லை. விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆறு மாதமாக இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் கேட்டது யாழ்ப்பாணம் வரைக்குமான வழி முழுவதற்கும். நான் பதில் சொன்னது என் மேசைக்கு மட்டும். வளைகுடா வழியாகத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த இலைப் படத்தோடு அங்கே போனால் என்ன நடக்கும் என்பதும் தெரியும் அக்கா. எங்கள் சாப்பாட்டு அறையில் இதைப் பற்றிக் கதைத்திருக்கிறோம். "இதை விட்டிட்டுப் போங்கோ அத்தான்" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் போதும். சொல்லியிருந்தால் அவர் ஏன் என்று கேட்டிருப்பார். தமிழில் கதை நீண்டிருக்கும். பின்னால் மேலாளர். அவர் கெதியாகப் போனால் சரி என்று நினைத்தேன். விமானம் மாறத்தானே இறங்குகிறார், வெளியே போகமாட்டார் என்றும் நினைத்தேன்.

வரிசை முடிகிற இடத்தில் திரும்பிக் கையைக் காட்டினார். நான் திரும்பக் காட்டவில்லை.

நீங்கள் முதலில் கேட்டபோது பயத்தில் ஒளித்தேன். பிறகு ஒளித்ததற்காகவே ஒளித்தேன். ஆரணன், "நீ சொன்னது சரிதானே, சரியாச் சொன்னதுக்கு ஏன் பிழை எண்டு எழுதிக் குடுக்கப்போறாய்?" என்று கேட்டார். அது எனக்கு வசதியாக இருந்தது. யூலையில் எழுதியது முழுப் பொய். நான் ஒருவரையும் விசாரிக்கவில்லை.

சாரங்கி போய்ச் சொல்கிறேன் என்று நிற்பதை வாசித்த பிறகு என்னால் முடியவில்லை. அவள் வாங்கியது கடையில் விற்ற சாமான். கேட்டபோது 'ஓம்' என்றது நான்.

நாளை நீதிமன்றத்து நொத்தாரிசு முன்னால் இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். ஆங்கிலப் பிரதியை லோயர் நிக்கலஸுக்கு நேரே கூரியரில் அனுப்புகிறேன். பிறகு மேலாளரிடம் போவேன். சாரங்கியிடம் நீங்கள் சொல்லாவிட்டால் நான் வந்து சொல்கிறேன்.

சுஜீதா


டோஸ்ட்ருப்
21 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

நீங்களும் சாரங்கியும் சுகமா?

நாலு கிழமையாயிற்று. கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. இந்த நாட்டில் தபால் இப்போது நம்பமுடியாததாகப் போய்விட்டது. கிடைத்திருந்தும் நீங்கள் எழுதாமல் இருந்தால், அதற்கு நான் ஒன்றும் சொல்ல வரவில்லை.

என் வாக்குமூலத்தை அரபியில் மொழிபெயர்த்து மேன்முறையீட்டோடு சேர்த்துவிட்டதாக லோயர் அறிவித்தார். எனக்கு வேலை போய்விட்டது. அதை உங்களுக்குச் சொல்லக் காரணம், நீங்கள் வேறு யாரிடமாவது கேள்விப்பட்டு, ஏன் சொல்லவில்லை என்று நினைக்கக் கூடாது என்பது மட்டும்தான். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் சேர்ந்திருக்கிறேன்.

படம் இன்னும் தெரிகிறது. இப்போது அதோடு கையும் தெரிகிறது, வரிசை முடிவில் காட்டிய கை.

சுஜீதா


ஒடென்சே
19 ஒக்டோபர் 2025

சுஜீதாவுக்கு,

கடிதம் இரண்டும் கிடைத்தன. முதலாவது ஓகஸ்ட் இருபத்தெட்டாம் திகதியே கிடைத்தது. நான்தான் எழுதவில்லை.

நீ எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். நானும் எழுதவேண்டும். எனக்கு முன்னமே தெரியும்.

மே மாதம் கடைசி ஞாயிறு இவர் கதைத்தார். லோயர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். அவரிடம் மறைத்ததை என்னிடம் மறைக்க இவருக்கு மனம் வரவில்லை. "சுஜீதாதான் நிண்டவள். நான் காட்டிக் கேட்டனான், அவள் ஓம் எண்டவள். அந்தப் பிள்ளையில பிழை இல்லை கமலா. இதைச் சொன்னால் அவளுக்கு வேலை போயிடும். அவளாச் சொன்னால் சொல்லட்டும், நீ வாய் திறந்து கேக்கப்படாது. சாரங்கியின்ர பேரில சத்தியம் பண்ணு" என்றார். ஐந்து நிமிடம் முடியப்போகிறது. சத்தியம் பண்ணினேன்.

ஆகவே யூன் முதலாம் திகதி எழுதிய கடிதத்தைத் தெரிந்துகொண்டுதான் எழுதினேன். உள்ளே தெரிகிற பையைப் பற்றி எழுதினேன், லோயர் கேட்டதை எழுதினேன், யோசித்துப் பார் என்று எழுதினேன். கேட்காமல் எவ்வளவு கேட்கலாமோ அவ்வளவு கேட்டேன். நீ நாற்பதாயிரம் பேர் போனார்கள் என்று பதில் எழுதினாய்.

அந்தக் கடிதம் வந்த நாள் உன்னை நான் சபித்தேன். அதை மறைக்கமாட்டேன். உன் கையெழுத்துக்கு மேல் கையை வைத்துச் சபித்தேன்.

ஆனால் உன் ஓகஸ்ட் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு வேறொன்று பிடிபட்டது. அதனால்தான் இரண்டு மாதம் பேனை எடுக்க முடியாமல் இருந்தேன். சத்தியத்தை முறித்திருக்கலாம், சுஜீதா. ரயில் ஏறி ஒன்றரை மணித்தியாலத்தில் உன் வாசலில் நின்று, எழுதித் தா என்று கேட்டிருக்கலாம். மனிசன் மறியலில் கிடக்கும்போது எந்தச் சாமி அந்தச் சத்தியத்தைக் கணக்கெடுக்கும்? நான் போகவில்லை. சத்தியம் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். உள்ளே இருந்தது வேறு. நீ இன்னும் எத்தனை கடிதத்துக்குப் பொய் எழுதுவாய் என்று பார்க்கவேண்டும் போல இருந்தது. உன் பொய்யை வைத்து உன்னை வெறுக்க எனக்கு விருப்பமாக இருந்தது. அந்த விருப்பத்தோடு நான் யூன், யூலை, ஓகஸ்ட் முழுவதும் காத்திருந்தேன். அதற்குள்தான் இவர் விழுந்தார். அதற்குள்தான் தீர்ப்பும் வந்தது.

நீ மார்ச்சில் சொல்லியிருந்தால் வழக்கே வேறு என்று லோயர் சொல்கிறார். நான் யூனில் உன்னிடம் வந்திருந்தாலும் வேறுதான். இதை நான் சாரங்கிக்கு இன்னும் சொல்லவில்லை. உன் பங்கை மட்டும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு நிறைய நேரம் அழுதாள், பிறகு சாப்பிட்டாள். மாதக்கணக்கில் அவள் ஒரு கோப்பைச் சோறு முடித்ததை நான் பார்க்கவில்லை. என் பங்கைச் சொல்ல எனக்கு இன்னும் நா எழவில்லை. உன்னைச் சபித்தவளுக்கு இப்போது அது எப்படி என்று தெரிகிறது.

மேன்முறையீடு நவம்பர் நாலாம் திகதி.

கமலாதேவி


ஒடென்சே
14 டிசெம்பர் 2025

அன்புள்ள சுஜீதாவுக்கு,

நீயும் ஆரணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? நான் அதைப் பிழையாக எடுக்கவில்லை.

உன் அத்தான் வந்துவிட்டார். மேன்முறையீட்டில் உன் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டார்கள். இருந்த காலம் போதும் என்று விட்டு, பத்திரங்கள் முடித்து, இந்த மாதம் ஆறாம் திகதி விமானத்தில் ஏற்றினார்கள். சாரங்கியும் நானும் போய்க் கூட்டிவந்தோம். பதினெட்டுக் கிலோ குறைந்திருக்கிறார். ஒரு கால் இழுத்துத்தான் நடக்கிறார். ஆஸ்பத்திரியில் முதுகைப் படம் எடுக்க யனவரிக்குத் திகதி தந்திருக்கிறார்கள்.

வந்தது இவர்தானா என்று சில நேரம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. முன்பு ஆள் இல்லாமல் சத்தம் கேட்டது. இப்போது ஆள் இருக்கிறார், சத்தமே இல்லை. மூடிய கதவைக் கண்டால் அதற்கு முன்னால் போய் நிற்கிறார். தானே திறக்கலாம் என்பது ஞாபகம் வருவதில்லை. குளியலறைக் கதவுக்கு முன்னால் ஒரு நாள் கால் மணித்தியாலம் நின்றார். சாரங்கி பின்னால் போய்க் கைபிடியைத் திருப்பிவிட்டு, "போங்கோ அப்பா" என்றாள். இப்போது வீட்டில் எல்லாக் கதவையும் திறந்தே வைத்திருக்கிறோம். குளிருகிறது, பரவாயில்லை.

என் பங்கைச் சாரங்கிக்கும் இவருக்கும் சொல்லிவிட்டேன். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சத்தியம் வாங்கினது நான்தானே" என்றார். சாரங்கி எழும்பிப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து வந்து தன் கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்டாள். கொடுத்தேன். பெப்ரவரியில் படிப்புக்குத் திரும்பப் போகிறாளாம்.

இந்த மாதத்தோடு தபால்காரர் கடிதம் கொண்டு வருவது நிற்கிறது. மூலையில் நின்ற சிவப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். இதைக் கடையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். இனி எழுதுவது கஷ்டம்.

இவர் உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார். நீ வேலை இழந்ததை லோயர் மூலம் கேள்விப்பட்ட நாளிலிருந்து அதே கதைதான். வருகிற ஞாயிறு காலை ரயிலில் வா. சாரங்கி ஸ்டேசனுக்கு வருவாள். ஆரணனையும் கூட்டி வா. நான் சமைத்து வைப்பேன். உன்னோடு முன்னைப்போலக் கதைக்க எனக்கு வராது, சுஜீதா. எப்போது வரும் என்றும் சொல்லமாட்டேன். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே.

அக்கா